கடைசி வரிசை

டோக்கியோ
மெய்ஜி 29 (1896), நவம்பர் 12

அன்புள்ள யசோகிச்சி,

ராணுவ அதிகாரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன், நலம். சோற்றில் பாதி பார்லி. மீன் கண்ணிலேயே படுவதில்லை. 'கண்ணில் படாதது மீன் மட்டும்தானா?' என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

உடல் பரிசோதனை நாளை இன்னும் மறக்க முடியவில்லை. உயரம் அரை விரல் குறைவு என்று உன்னைத் தள்ளிவிட்டார்கள். வெளியே வந்தவன் அழுதிருக்கலாம். நீயோ என் காதில், "டேய், கடைசி வரிசை ரோ, நி, கே, ஸு, தோ. மனப்பாடம் பண்ணிக்க" என்றாய். சுவரில் மாட்டியிருந்த கண் பரிசோதனை அட்டையில் எனக்குத் தெரிந்தது வெறும் புகை. கடகடவென்று ஒப்பித்தேன். "நல்ல கண்ணுப்பா உனக்கு" என்றார் டாக்டர். அது உன் கண் என்பது அவருக்குத் தெரியாது.

உன்
தெய்சுகே


சினானோ
மெய்ஜி 32 (1899), மே 3

அன்புள்ள தெய்சுகே,

நீ லெப்டினன்ட் ஆனதில் ஊருக்கே பெருமை. நான் இங்கே பள்ளி வாத்தியார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே என் தோளுக்கு வந்துவிட்டார்கள்.

நீ வந்திருந்தபோது அளவு கொடுத்த மூக்குக் கண்ணாடியைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதிகாரியான பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? உங்கள் கர்னலே போட்டிருக்கிறார் என்று நீதானே எழுதினாய். சாக்குச் சொல்லாமல் போட்டுக்கொள்.

உன்
யசோகிச்சி


மஞ்சூரியா
மெய்ஜி 37 (1904), செப்டம்பர் 20

அன்புள்ள யசோகிச்சி,

கண்ணாடி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. திட்டாதே. இப்போது திடீரென்று போட்டால், இத்தனை வருஷம் எதைப் பார்த்துச் சுட்டாய் என்பார்கள். கேப்டன் பதவி வரட்டும்.

உன் தம்பி மன்ஸோ என் படையிலேயே வந்து சேர்ந்திருக்கிறான். குறும்பு குறையவில்லை. நேற்று நான் துப்பாக்கியைத் தூக்கியதும், "ஐயா, வர்றது ரஷ்யாக்காரன் இல்ல, நம்ம கோவேறு கழுதை" என்று காதோடு சொன்னான். நீ சொல்லி அனுப்பியிருப்பாய் போலிருக்கிறது. கவலைப்படாதே, அவனைக் கண்போலப் பார்த்துக்கொள்கிறேன். யார் கண்போல என்று கேட்காதே.

உன்
தெய்சுகே


மஞ்சூரியா
மெய்ஜி 38 (1905), மார்ச் 9

யசோகிச்சி,

மன்ஸோ நான்காம் தேதி மலையேறும்போது வீரமரணம் அடைந்தான். கொடி காட்டினார்கள், ஏறினோம், மலை நம் வசமாயிற்று. எனக்குப் பதக்கமும் கேப்டன் பதவியும் தந்திருக்கிறார்கள். உன் தாயாரிடம் எப்படிச் சொல்வாயோ தெரியவில்லை.

தெய்சுகே


சினானோ
மெய்ஜி 38 (1905), அக்டோபர் 2

கேப்டன் அகுட்சு தெய்சுகே அவர்களுக்கு,

மன்ஸோவுடன் இருந்த சிப்பாய் ஒருவர் கை இழந்து ஊர் திரும்பியிருக்கிறார். நேற்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செவப்புன்னா நில்லு, வெள்ளைன்னா ஏறு. கொடி செவப்பாத்தான் இருந்துச்சு வாத்தியாரே. நம்ம பீரங்கியே அந்த மலையப் பாத்து இன்னும் சுட்டுக்கிட்டிருந்துச்சு. ஐயா வெள்ளைன்னு நினைச்சு ஏறச் சொல்லிட்டாரு. 'ஐயா, செவப்பு'ன்னு மன்ஸோ கத்துனான். அவருக்குக் கேக்கல போல."

அம்மா அவன் படத்துக்கு முன் தினமும் சோறு வைக்கிறாள். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்று கண்ணாடி போட்டிருந்தீர்களா?

நிஷினா யசோகிச்சி


சினானோ
தைஷோ 13 (1924), ஏப்ரல் 18

மேஜர் ஜெனரல் அவர்களுக்கு,

பத்தொன்பது வருஷமாக என் கேள்விக்குப் பதில் இல்லை. இப்போது வேறொரு காரணத்துக்காக எழுதுகிறேன். பதவி உயர்வுக்கு ஊரில் விழா எடுக்கிறார்கள். தங்கள் இளமைக் காலத்தை ஒரு சிறு புத்தகமாக எழுதும் வேலையை, பள்ளித் தோழன் என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஆற்றில் நீந்தியது, பேரிக்காய் திருடியது எல்லாம் எழுதிவிட்டேன். உடல் பரிசோதனையில் நின்றுவிட்டது பேனா. தங்களை ராணுவப் பள்ளிக்குள் அனுப்பியவன் நான். என் தம்பியின் சாவில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பத்திரிகைப் படத்தில் கண்ணாடி போட்டிருக்கிறீர்கள். எப்போது முதல் என்று சொன்னால் போதும்.

நிஷினா யசோகிச்சி


டோக்கியோ
தைஷோ 13 (1924), மே 1

யசோகிச்சி,

அன்று போடவில்லை. மன்ஸோ கத்தியது எனக்குக் கேட்டது. அத்தனை பேர் எதிரில், எனக்குக் கொடி தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. உன் பங்கு எதுவும் இல்லை. நீ கண்ணாடியும் அனுப்பினாய், தம்பியையும் அனுப்பினாய். இரண்டையும் மதிக்காதவன் நான். இதைப் புத்தகத்தில் எழுது. விழா நடக்காவிட்டால் போகட்டும்.

மலையேறிய மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இறந்தவர்களை எரிப்பதற்காகப் பனியில் வரிசை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். கடைசி வரிசையில் அவன் முகம். யாரும் சொல்லித் தராமல், அந்த வரிசை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

தெய்சுகே