கறுப்பு மெழுகுவத்தி வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சிங்கப்பூரில் நான் சுகமாகவே இருக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் ஒரு சின்னச் சங்கடம். உடன் வேலை செய்யும் ஜெனலின் கட்டில் தடுப்பை ஏற்ற மறந்ததால் ஒரு மூதாட்டி விழுந்துவிட்டார். நல்லவேளை, பெரிய அடியில்லை. ஆனால் மறந்தது நான்தான் என்று அவள் எங்கள் மேற்பார்வையாளர் மேடத்திடம் சொல்லிவிட்டாள். இப்போது எனக்குச் சலவை வேலை.

ஞாயிறு மாதா கோயில் பூசையில், எல்லோரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அவளே கை நீட்டினாள்.

"சமாதானம் அக்கா. மனசுல வச்சுக்காதீங்க."

"மேடம்கிட்ட உண்மையச் சொல்லிட்டு வாடி. அப்புறம் கை குடுக்கறேன்."

முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். பொய்யை மூடிவைக்கவா கடவுளின் சமாதானம்?

இதைப் படித்ததும், எதிரியின் பெயர் சொல்லித் தண்டனை கேட்டு ஏற்றுகிற கறுப்பு மெழுகுவத்தி வாங்கக் கோயில் வாசலுக்கு ஓடுவீர்கள். வேண்டாம் அம்மா. தீர்ப்பை நாமே எழுதிவைத்துக் கடவுளிடம் கையெழுத்துக் கேட்கலாமா? நடந்ததை அவர் பார்த்தார். உண்மையை வெளியே கொண்டுவருவார். அதை நம்பித்தான் இந்தத் துணிமூட்டைகளோடு நிற்கிறேன்.

கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள். இப்போதெல்லாம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சலவை எந்திரம் நின்றுவிட்டது, போகவேண்டும். வெள்ளை மெழுகுவத்தி இரண்டு ஏற்றுங்கள். ஒன்று எனக்கு. இன்னொன்று ஜெனலினுக்கு, அவளுக்காக வேண்டிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உங்கள் மகள்,
மாரிவிக்