ஒரு முகத்துக்கு மூன்று நிமிடம்

இன்று காலை நம் தெருவைத் தோண்டினார்கள். பாதாளச் சாக்கடைக்காம். தாரும் ஜல்லியும் போன பிறகு, இடுப்பளவு ஆழத்திலிருந்து கறுப்பாக, ஈரமாகக் களிமண் வந்தது. அந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோது நான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். தம்ளரை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். மண் அள்ளிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "இன்னா தாத்தா, எதுனா உழுந்துடுச்சா?" என்றாள். இல்லையம்மா என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்ல முடியும்? உன்னிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியவன் இல்லை நான்.

நமக்குக் கல்யாணமான முதல் டிசம்பர். எண்பதுகளின் தொடக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நல்ல சேலையை மாற்றிக்கொண்டு, "சைக்கிள எடுங்க, அயனம்பாக்கம் போலாம்" என்றாய். ஏரிக்குப் போய்ப் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு பக்கெட் நிறையக் களிமண் அள்ளினாய். அதை கேரியரில் கட்டிக்கொண்டு நான் தள்ளி வந்தேன். யாராவது கம்பெனி ஆள் பார்த்துவிடப் போகிறானே என்று எனக்குக் கூச்சம்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு, நாலு ஆடு செய்வாய் என்று நினைத்தேன். நீ அதோடு நிற்கவில்லை. நம் தெருவையே செய்தாய். தலையில் கூடையோடு மீன்காரம்மா, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட தபால்காரர், பிரசங்கத்தின்போது தூங்கும் கோயில்பிள்ளை, தள்ளுவண்டியோடு இஸ்திரி மணி. எல்லாரும் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் என்றாய். மணி வந்து குனிந்து பார்த்தவன், "அண்ணி, இது நானா? மூக்கு இவ்ளோ பெருசாவா கீது எனக்கு?" என்று தடவிப் பார்த்துக்கொண்டான். மறுநாள் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். அந்த இரண்டு வாரமும் வாசலில் செருப்பு குறையவே இல்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அத்தனையையும் எடுத்துப் பக்கெட் தண்ணீரில் போட்டுவிட்டாய். நான் பக்கெட்டருகே குனிந்தேன்.

"ஒரு மாச வேலை. இப்படிக் கரைச்சுட்டியே!"

"செய்யசொல்லவே சந்தோசம் கெடச்சிடுச்சுங்க. அப்பால வச்சிக்கினு இன்னா பண்றது?" என்று சிரித்தாய்.

எனக்கு அது புரியவில்லை. புரிகிற வேலையில் நான் இல்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கதவுக் கீல் செய்யும் ஒரு கம்பெனியில் டைம் ஸ்டடி பார்த்தேன். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. மெஷின் ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு கீலுக்கு எத்தனை நொடி, எதைக் குறைக்கலாம் என்று எழுதுவது என் வேலை. நான் வந்த பிறகு உற்பத்தி கூடியது என்று முதலாளியே ஒருமுறை தோளில் தட்டினார். அந்தத் தட்டலை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ஸ்டவ் இடது பக்கம் இருந்தால் உனக்கு எட்டு நடை மிச்சம் என்று கணக்குச் சொன்னவன் நான். "மிச்சம் ஆவுற நடைய எங்க போய் நடக்கிறது?" என்று கேட்டுவிட்டு, ஸ்டவ்வை அங்கேயே விட்டுவிட்டாய்.

ஆறேழு வருஷம் இப்படிப் போயிற்று. பாரீஸ் கார்னர் பக்கம் பூசைப் பொருள் கடை வைத்திருந்த ஒருவர் நம் பங்குக் கோயிலுக்கு வந்தபோது, யாரோ சொல்லி, நம் வீட்டுக் குடிலைப் பார்த்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முப்பது செட் வேண்டும் என்றார். நீ உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாய். உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

மறுநாள் துணி துவைக்கும் கல்லருகே வந்து சொன்னேன். கையில் சோப்போடு அப்படியே நின்றாய்.

"முப்பதா? அல்லாம் ஒரே மாதிரியா?"

"ஆமா. ஒரே அச்சு."

"மணி?"

"மணியெல்லாம் யார் வாங்குவா? பதினோரு உருவம் போதும்."

கொஞ்ச நேரம் துணியைக் கசக்கிக்கொண்டிருந்தாய். பிறகு, "உங்களுக்கு ஆசையா கீதுன்னா செய்றேங்க" என்றாய். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை நான் கேட்கவே இல்லை. செய்கிறேன் என்றது மட்டும் காதில் விழுந்தது.

களிமண் ஒத்துவராது, உடையும் என்று பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு மாறினோம். அச்சு எடுத்துக்கொடுக்க ஆள் பிடித்தேன். கூடத்தில் நீள மேசை போட்டு, இடமிருந்து வலமாக எல்லாவற்றையும் அடுக்கிக் கொடுத்தேன். அச்சில் ஊற்றுவது, காயவைப்பது, தேய்ப்பது, வர்ணம், கடைசியில் முகம். முகம் மட்டும் நீதான் எழுத வேண்டும். ஒரு ஞாயிறு மத்தியானம் நீ குனிந்து மாதாவுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

"ஒரு முகத்துக்கு நாலு நிமிஷம் ஆகுது. புருவத்தை ஒரே இழுப்பா இழுத்தா மூணுல முடிக்கலாம்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. எஸ்டேட்டில் தினமும் பத்துப் பேர் என்னை அப்படித் திரும்பிப் பார்ப்பார்கள். அது வீட்டிலும் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனாலும் குனிந்து, அட்டையில் மூன்று நிமிடம் என்று எழுதிக்கொண்டேன்.

நீ மூன்று நிமிடத்தில் எழுதக் கற்றுக்கொண்டாய்.

வருஷா வருஷம் ஆர்டர் கூடியது. ஆஸ்பெஸ்டாஸை எடுத்துவிட்டு மேலே தளம் போட்டோம். மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பூசை முடிந்து வெளியே நிற்கும்போது உன் கைத்திறமையைப் பற்றி நான்தான் வாய் ஓயாமல் பேசுவேன். நீ முக்காட்டை இழுத்துக்கொண்டு தள்ளி நிற்பாய். நம் வீட்டுக் குடிலில் மட்டும் மூக்கு உடைந்த சூசையப்பரும் காது போன ஆடும் நின்றன, கடைக்கு அனுப்ப முடியாதவை. ஒரு டிசம்பரில் மணி வாசலில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, இந்த வருசமும் நான் இல்லியா?"

"நேரம் இல்ல மணி" என்றாய்.

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் பேசுகிற பேச்சு. உன் வாயில் அதை அதுவரை கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கடைக்காரருக்கு எங்கிருந்தோ விலை மலிவாகப் பொம்மைகள் வர ஆரம்பித்தன. ஆர்டர் நின்றுவிட்டது. நீ வருத்தப்படுவாய் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அரிசி களையப் போய்விட்டாய். சரி, இனி பழையபடி ஏரிக்குப் போவாய் என்று எண்ணிக்கொண்டேன். டிசம்பர் வந்தது. பக்கெட்டைக் கழுவிக்கூட வைத்தேன். நீ கடையில் ஒரு குழந்தை இயேசு வாங்கி வந்து, வைக்கோலில் கிடத்தி, குடிலை முடித்துவிட்டாய்.

"செய்யலையா?"

"கை போவ மாட்டேங்குதுங்க. மண்ணத் தொட்டாலே எத்தினி முடிஞ்சிது, எத்தினி பாக்கின்னு மனசு எண்ணுது."

நாலைந்து வருஷத்துக்குப் பிறகு உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் நான் மட்டும் அயனம்பாக்கம் போனேன். கரையில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய் இறங்கி, மண் எடுத்து வந்து, கல் பொறுக்கி, பதமாகப் பிசைந்து, ஒரு தட்டில் வைத்து உன் மடியில் வைத்தேன். வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தவன், உன் எதிரில் உட்கார்ந்ததும், "சும்மா பிடிச்சுப் பாரேன்" என்றுதான் சொன்னேன்.

நீ அந்த உருண்டை மேல் உள்ளங்கையை வைத்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். விரல் அசையும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளினாய்.

"வேணாங்க. இப்பவும் உங்களுக்காகத்தான் செய்யச் சொல்றீங்க. அப்பவும் உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு நீயே சொன்னாய்: "கோவம்லாம் இல்லங்க. அசதியா கீது. போய் கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது."

கை கழுவப் போனேன். குழாயடியில் வெகுநேரம் நின்றேன். அந்தத் தவக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

சில வருஷங்களுக்கு முன் ஆவடியில் ஒரு வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தேன். அலமாரியில் நம்முடைய செட் ஒன்று இருந்தது. "நல்லா இருக்குல்ல சார்? எங்கப்பா வாங்குனது" என்றார் வீட்டுக்காரர். நல்லா இருக்கு என்றேன். மாதாவின் புருவம் ஒரே இழுப்பில் இருந்தது. என் மனைவி எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தில் நீ இல்லை. நீ இருந்த முகங்கள் எல்லாம் தண்ணீரோடு போயின. அவற்றைத்தான் இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் வருகின்றன.

வராத ஒன்றைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. கடைக்காரர் வருவதற்கு முந்திய வருஷம். "உங்களையும் செஞ்சிருக்கேன். கும்பல்ல எங்கியோ கீறீங்க, கண்டுபுடிங்க பாக்கலாம்" என்றாய். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது, சாயங்காலம் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் மறந்துபோனேன். பதினைந்து நாள் அந்தக் குடில் கூடத்தில் இருந்தது. பதினைந்து நாளும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன், அதைத் தாண்டித்தான் சாப்பிட வந்தேன். நீ திரும்பக் கேட்கவில்லை. ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் பக்கெட்டில் கலங்கிய தண்ணீரைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். "கரைஞ்சி பூடுச்சி, உடுங்க" என்றாய்.

சிரித்துக்கொண்டிருந்தேனா, இல்லை, முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றேனா? குழந்தைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாயா, கதவுக்கு வெளியிலா? அப்போது நீ என்னை எப்படிப் பார்த்தாய் என்று எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே இடம் அது. இந்த வயதில், கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கும்பலில் என்னைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.