மகன் முறை

கிரின்ஸ்டெட், டென்மார்க்
யூலை 24

அன்புள்ள திரேசா அக்காவுக்கு,

மடு மாதா உங்களையும் சின்னவளையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மடுத் திருவிழாவுக்கு வருகிற மரியநாயகி அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பேசாலைக்கு வந்து உங்கள் கையிலேயே தருவார். போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதோடு, போன் என்றால் இவர் பக்கத்தில் வந்து நிற்பார். நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

றொஜிதனின் போன் பழுதாகிவிட்டது என்று போன மாதம் உங்களுக்குச் சொன்னோம். அது பொய் அக்கா. ஜேர்மனியில் அவனைப் பூட்டிய கட்டடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள். அடி உதை இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னோடு கதைத்தான். அகதி வழக்குத் தோற்றுவிட்டது, கொழும்புக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றான். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் சித்தி என்று அவன் கெஞ்சியதால்தான் இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அத்தானின் முப்பத்தோராம் நாள் பூசையை எங்கள் கோவிலில் ஒப்புக்கொடுத்தோம் அல்லவா. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காத பிள்ளை, பூசைக்காவது வந்து முழங்காலில் நிற்கட்டும் என்று இவர் விடியவே காரை எடுத்துக்கொண்டு போனார். வழக்கு முடியும்வரை றொஜிதன் ஜேர்மனியை விட்டு வெளிக்கிடக் கூடாது. இவருக்கு அது தெரியுமா என்று கேட்டால், பாதி தெரியும் என்பேன். காலையில் கூட்டி வந்து பின்னேரம் கொண்டுபோய் விட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்திருக்கிறார். அவனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, பெரிய வீதியில் பொலிஸ் நிற்கும் என்று வயல்களுக்குள்ளால் போகிற சின்ன வீதியால் எல்லையைக் கடந்தார்.

அந்தச் சின்ன வீதிகளில் இப்போது வேறு ஆட்கள் நிற்கிறார்கள். பொலிஸ் இல்லை, ஆமி இல்லை, ஊர்ச் சனம். பென்சன் எடுத்தவர்கள், பண்ணை வைத்திருப்பவர்கள். மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு, மடக்குக் கதிரையில் இருந்து, பிளாஸ்கில் கோப்பி குடித்தபடி போய்வரும் கார்களைப் பார்ப்பார்கள். கறுத்த முகம் கண்டால் பொலிசுக்குப் போன் அடிப்பார்கள். காட்டுப்பன்றி வராமல் அரசாங்கம் வேலி போட்டது, கள்ளமாக ஆள் வராமல் நாங்கள் நிற்கிறோம் என்று அவர்களில் ஒருவர் தொலைக்காட்சியில் சிரித்துக்கொண்டு சொன்னார்.

காரை மறிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மறிக்கவும் இல்லை. அதுதான் அக்கா என் வயிற்றெரிச்சல். இவராகத்தான் நிறுத்தினார்! மன்னார் வீதியில் தள்ளாடி ஆமிச் சென்றியில் இறங்கி, அட்டையைக் காட்டி நடந்து வளர்ந்தவருக்கு வேறென்ன வரும்? வீதியோரம் அங்கி போட்ட ஆளைக் கண்டதும் கால் தன்பாட்டில் பிரேக்கில் போயிருக்கிறது. என்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஒருவரும் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினாராம். வெள்ளைக்காரன் என்றால் கையைக் காட்டிவிட்டுப் போயிருப்பான். கதிரையில் இருந்த வயதான மனுசி ஒருத்தி எழும்பி வந்து, கூட இருப்பது யார் என்று மரியாதையாகத்தான் கேட்டாளாம். இவர் டெனிசில் ‘மின் சொன்’ என்றார். என் மகன் என்று அர்த்தம்.

பிறகு பொலிஸ் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். எழுதிக்கொண்டார்கள். றொஜிதனின் அட்டையில் தகப்பன் பெயர் இன்னாசித்தம்பி என்று கிடக்கிறது. பொய் சொல்லி ஆள் கடத்தியதாக இவர்மேல் வழக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளையை அன்றைக்கே ஜேர்மன் பொலிசிடம் கொடுத்துவிட்டார்கள். அத்தானின் பூசைக்குத் தூரத்து ஸ்கீவ நகரத்திலிருந்துகூட எங்கள் ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அத்தானின் தம்பியும் இல்லை, மகனும் இல்லை.

இவர் பொய் சொல்லவில்லை என்று நீங்களாவது நம்புவீர்கள். அண்ணன் பிள்ளையை மகன் என்னாமல் என்னவென்று சொல்வது? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழி வகுப்பில் ‘நெவோ’ என்றொரு சொல் படித்தோம். மருமகன் என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். அக்கா தங்கச்சியின் பிள்ளைகளுக்கு அது சரி. அண்ணனின் பிள்ளைக்கும் டெனிஸ்காரன் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறான் என்பது இவருடைய மண்டையில் ஏறவே இல்லை. என் மண்டையிலும்தான். பொலிஸ் நிலையத்தில் நான் போய் நின்று, எங்களில் இவன் மகன் முறை என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். அங்கே இருந்த பொலிஸ் பெடியன் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியென்றால் உங்களுக்கு எத்தனை மகன்கள் என்று கேட்டான்.

இனி ஊர் வாய். பேப்பரில் நாளுக்கொரு கடிதம் வந்தது. மஞ்சள் அங்கிக்காரருக்கு நன்றி என்று ஒருவர் எழுதினால், வேலை வெட்டி இல்லாத கிழடுகள் சட்டத்தைக் கையில் எடுக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதுவார். எல்லைப் பக்கத்து நூலகத்தில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் யூலியானா கோப்பன்ஹேகனிலிருந்து றெயில் ஏறி வந்து மைக்கைப் பிடித்துக் கதைத்தாள். கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் தகப்பன் இந்த நாட்டில் ஒரு பிழையும் செய்யாதவர், கூட வந்தது பெரியப்பாவின் மகன் என்றாள். டெனிசில் அதற்கும் மாமா மகனுக்கும் அத்தை மகனுக்கும் ஒரே சொல். வீட்டில் அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள், மேடையில் அப்படிச் சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே மஞ்சள் அங்கிக்காரர் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்: தகப்பன் மகன் என்கிறான், மகள் இல்லை என்கிறாள், இந்தக் குடும்பத்தில் யார் பொய்? கீழே நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். நான் வாசித்துப்போட்டுச் சாப்பிடவில்லை.

வெள்ளைக்காரர் சொன்னதுகூடப் பெரிதாகச் சுடவில்லை. எங்கள் செல்வரட்ணம் அண்ணை வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, அவங்கள் நிக்கிறதும் நல்லதுதான் தங்கச்சி, இப்ப ஆர் வாறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும், நாங்கள் வந்த காலம் வேறை என்றார். எண்பத்தாறில் கிழக்கு பெர்லினால் வந்து, பாஸ்போட்டைக் கிழித்துக் கப்பலின் கக்கூசில் போட்டவர் அவர்! ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறது என்பது இதுதான். இவர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். இப்போது எதற்கும் இப்படித்தான். தொழிற்சாலையிலும் அப்படியாம். பக்கத்து மெசினில் நிற்கிறவன் தோளில் தட்டி, உன்னைச் சொல்லவில்லை, நீ எங்கட ஆள் என்றானாம்.

இப்போது நான் எழுத வந்த விசயத்துக்கு வருகிறேன், அக்கா.

செப்டெம்பரில் வழக்கு. நான் பிரஜாவுரிமைச் சோதனையில் பாஸ் பண்ணினேன். இவர் எழுத்தில் இரண்டு தரம் பெயிலாகி, இனி ஏன் என்று விட்டுவிட்டார். நான்கூட அதைச் சொல்லிச் சொல்லிப் பகிடி பண்ணியிருக்கிறேன். இப்போது அதுதான் கழுத்தில் நிற்கிறது. குற்றவாளி என்று தீர்ந்தால் நாட்டை விட்டு அனுப்பச் சொல்லிக் கேட்கப் போகிறார்களாம். முப்பத்தைந்து வருடம் இங்கே வேலை செய்த மனிதர், இதயத்தில் இரண்டு குழாய் வைத்தவர். அங்கே போய் எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் உயிரோடு இருப்பார்?

எங்கள் வழக்கறிஞர் ஒரு டெனிஸ் மனுசி, பொல்லாத கெட்டிக்காரி. தப்ப வழி இருக்கிறது என்கிறாள். நீதிபதி கேட்கும்போது இவர் தன் வாயால், அவன் என் மகன் இல்லை, மொழி விளங்காமல் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்று சொல்ல வேண்டும். முறையை விளக்கலாமே என்று நான் கேட்டேன். விளக்கலாம், ஆனால் முதலில் இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், ஆம் என்று இழுத்தால் பிடிவாதமான பொய் என்றுதான் எடுப்பார்கள் என்றாள்.

இவர் மாட்டேன் என்கிறார். அழுதேன், சண்டை பிடித்தேன், யூலியானா காலில் விழாத குறை. யேசுவைத் தெரியாது எண்ட இராயப்பர் மாதிரி மறுதலிக்கச் சொல்லுறியோ, அண்ணற்றை கல்லறை மண் இன்னும் காயேல்லை என்று கத்தினார். பெட்டி மூடுமுன் நீங்கள் வீடியோவில் இவரைப் பார்த்து, தம்பி, இனி நீங்கள்தான் அவனுக்குத் தேப்பன் என்றீர்கள். இவர் ஓம் என்றார். அந்த ஓமைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். கடைசியில், அவனைப் பெத்தவ வந்து என்னை விடச் சொல்லட்டும், பிறகு பாப்பம் என்றார்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். புருசனைப் புதைத்து மூன்று மாதமாகாத உங்களிடம், பிள்ளை கையில் விலங்கோடு வரப்போகிறான் என்ற செய்தியையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இதையும் கேட்கிறேன். இப்படிக் கேட்க நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. வேறு வழி தெரிந்தால் கேட்க மாட்டேன். றொஜிதனைக் காப்பாற்ற எங்களால் முடியவில்லை. இவரை மட்டுமாவது எனக்கு விட்டுத்தாருங்கள்.

இவரைக் கூப்பிடுங்கள். சுகம் விசாரிக்க வேண்டாம், அழவும் வேண்டாம். தம்பி, அவன் என்ரை பிள்ளை, உங்கடை பிள்ளை இல்லை என்று ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். கோபத்தில் சொல்வதுபோல் சொன்னாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்னால் இவர் கேட்பார்.

சின்னவளுக்கு என் முத்தம். மாதா உங்களுக்குப் பலம் தரட்டும். றொஜிதன் வீடு வந்து சேர்ந்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுங்கள், அவன் கண்ணில் படக் கூடாது. என்னை இன்னும் சித்தி என்று கூப்பிடுகிற பிள்ளை அது.

உங்கள் தங்கச்சி,
பற்றிமா