பதினெட்டு நாள் நான் கட்டித் திரிந்த பினாங்குத் துணி

ஓமலூர்
12-8-1936

அன்பு மகள் ஷாஜாதிக்கு, உன் அத்தா மவுத்தான நாள்முதல் அத்தாவாகவும் மாமுவாகவும் இரட்டை உத்தியோகம் பார்த்துவரும் கரீம் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே உன் அம்மா, நான், கறவை எருமை மூவரும் திடமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் சின்ன எசமானும் அப்படியே இருக்கத் துஆ செய்கிறோம்.

பினாங்கிலிருந்து திரும்பிய ராசப்பனிடம் நீ கொடுத்தனுப்பிய பாத்திக் துணி வந்தது, கூடவே சீட்டு எதுவும் இல்லை, வாய் மூட்டித் தைத்திருந்ததைப் பார்த்து உன் அம்மா கைலிதானே, நீயே கட்டுடா தம்பி என்று சொல்லிவிட்டாள், நானும் கட்டினேன். புளியங்கொட்டை நிறத்தில் நீலப்பூவும் கொடியுமாக அதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனபோது வண்டி மாடுகள் நின்றுவிட்டன, பனமரத்துப்பட்டி ஏரியே எழுந்து பார்க்க வந்திருக்கும், கரை விடவில்லை. நெசவுக்காரர் சின்னுசாமி, துணி என் இடுப்பில் இருக்கும்போதே ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூவ நெய்யவும் இல்ல, அச்சடிக்கவும் இல்ல, இதுக்கு உள்பக்கம் எதுங்க பாய் என்று கேட்டார், நானும் பேரரசர் போல நெஞ்சை நிமிர்த்தித் தெரியாது என்றேன். இப்படிப் பதினெட்டு நாள்.

அப்புறம்தான் உன் கடிதமும் போட்டோவும் தபாலில் வந்தன. இந்தப் பாத்திக்குக்கு மெழுகால் பூ எழுதிச் சாயத்தில் முக்கிப் பிறகு மெழுகைக் கொதிநீரில் கழற்றுவார்கள் என்று நீ எழுதியதைப் படித்து வாய்பிளந்தேன், இரண்டு பக்கமும் எழுதுகிற கைக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும். ஆனால் போட்டோவில் நீயும் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்களும் அதே மாதிரித் துணியைக் கட்டி நிற்பதைக் கண்டு உன் அம்மா முகம் கறுத்துவிட்டது. பொடவைய உட்டுட்டு ஆம்பள கைலியச் சுத்திட்டு நிக்கறா, அவ ஊட்டுக்கு நான் எதுக்குப் பிரசவம் பார்க்கப் போகோணும், கப்பலேற மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அவளுக்குக் கஞ்சி இறங்கவில்லை. எனக்கோ உன் தலைப்பிரசவம் தாயில்லாமல் போய்விடுமே என்ற கவலை. கடைசியில், அக்கா, உம்புள்ள ஆம்பள துணி கட்டல, உன் தம்பிதான் பதினெட்டு நாளாப் பொம்பள துணியக் கட்டிட்டு ஊரெல்லாம் திரிஞ்சிருக்கான் என்றேன். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாரு, கெங்கவல்லி வரைக்கும் கேட்டிருக்கும். அவுத்துக் குடுடா மானங்கெட்டவனே என்று பிடுங்கித் துவைத்துத் தானே கட்டிக்கொண்டு கிணற்றடிவரை நடந்தாள். கொசுவம் தடுக்கல, வயிறு பெருக்கப் பெருக்கத் தளத்திக் கட்டிக்கலாம், புள்ள புத்தியாத்தான் கட்டறா என்றாள்.

அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறாள். இரும்புச் சத்துக்கு முருங்கைக்கீரை சாப்பிடு, தண்ணீர்க்குடம் தூக்காதே, மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல். நூறு வயதும் நிறைந்த பிள்ளைகளும் உனக்கு ஆண்டவன் தரட்டும். ஒன்று மறக்காதே, உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் துணியைக் கட்டிப் பழகுகிறாள், இன்னும் முடிச்சு நிற்கவில்லை. அங்கே வந்து அவிழ்ந்தால் சிரிக்காமல் கட்டிவிடு, நான் எழுதினேன் என்று சொல்லாதே.

உன் மாமு,
கரீம் பாஷா