இரண்டாவது தலை

17 ஜூன் 2009, சிதம்பரம்
ரசாயனம் தொழிலாளர் மூளையை என்ன செய்கிறது என்ற என் முனைவர் ஆய்வுக்காக அன்பரசுவுக்கு இன்று இரண்டாவது மூளை ஸ்கேன். கடலூரில் ஒரு சாயக் கம்பெனியில் ரசாயனத் தொட்டி கழுவுகிறவர். டிசம்பரில் அவர் மூளையில் என்.ஏ.ஏ. மிகக் குறைவு, நரம்பணுக்கள் நலமாக இருந்தால்தான் அந்தப் பொருள் நிறைய இருக்கும். இன்று வரைபடத்தில் அதன் கோடு, சோதனைக்காக எடுத்த என் ஸ்கேனில் இருப்பதைவிட உயரம். ஆறே மாதத்தில்? அதே வேலையில் இருந்துகொண்டே?

18 ஜூன்
என் வழிகாட்டி சபாபதி சாருக்கு ஒரே சந்தோஷம். மூளை தேறிவிடும் என்பதற்கு ஆதாரமாம். உடனே கட்டுரையில் சேர்க்கச் சொல்கிறார். எனக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம்.

20 ஜூன்
அளவு தெரிந்த திரவக் குடுவையை வைத்து இரண்டு முறை பார்த்தேன். இயந்திரம் சரி. அப்படியென்றால் தப்பு என்னுடையதா?

23 ஜூன்
இரண்டு ஸ்கேன் படங்களையும் அருகருகே வைத்தேன். புருவத்துக்கு மேலே எலும்புக்குள் இருக்கும் காற்றறை ஆளுக்கு ஆள் வேறு. ஒரே ஆளுக்கு ஆறு மாதத்தில் மாறாது. டிசம்பரில் இடப்பக்கம் அகலமாக இருக்கிறது. ஜூனில் இடப்பக்கம் அறையே இல்லை.
இது வேறு தலை.

24 ஜூன்
சாரிடம் சொல்லவில்லை. ஏன்? அவருக்கும் தெரிந்திருக்குமோ?

27 ஜூன், கடலூர்
வீடு தேடிப் போனேன். அன்பரசுவின் மனைவி ஜெயராணி வாசலை மறித்து நின்றார். உள்ளே அன்பரசு, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறின. பக்கத்தில் அதே சாடையில் தம்பி செம்பியன். ஏன் இப்படி ஏமாற்றினீர்கள் என்று கோபமாகவே கேட்டேன்.

"ரிசல்ட்டு கம்பெனிக்குப் போவுதுன்னு சூப்பர்வைசரே சொன்னாரு மேடம். அடுத்த வாட்டியும் கொறைவா இருந்தா வேலைக்கு வராதன்னுட்டாரு. அதான் தம்பிய அனுப்புனேன்" என்றார் அன்பரசு.

முடிவு யாருக்கும் போகாது என்று ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டியவள் நான். போவுதா என்ன?

29 ஜூன்
சாரிடம் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. "அவுங்கதானம்மா ஆள அனுப்புறாங்க. கேட்டா குடுக்காம இருக்க முடியுமா?"

டிசம்பரிலேயே பெயரும் முடிவும் சேர்ந்த பட்டியல் கம்பெனிக்குப் போயிருக்கிறது. நான் தயாரித்தது. ச்சே — யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன்!

2 ஜூலை
பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். படிப்பு போனால் போகட்டும் — போயிடுமோ?

14 செப்டம்பர்
சார் என்னோடு பேசுவதில்லை. ஜூன் முடிவு செல்லாது என்றானதும் கம்பெனி அன்பரசுவை நிறுத்திவிட்டது. என்னால்தான்.

9 மார்ச் 2011, சிதம்பரம்
புது வழிகாட்டி, ஆய்வு முதலிலிருந்து. பெயர் கிடையாது, எண் மட்டும். நாங்களே வீடு வீடாகப் போய் ஆள் கேட்கிறோம். பல வீடுகளில் கதவைத் திறப்பதில்லை.

அன்பரசு வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று அவரே மனைவியோடு வந்து நின்றார். பண்ருட்டியில் ஒரு மண்டியில் வேலையாம். என்னைத் திட்டவில்லை. படிவத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. கையெழுத்துப் போட்டதும், "இதுல ஒரு ஜெராக்ஸ் எனக்குக் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். அதை ஜெயராணியிடம் நீட்டிவிட்டுப் ஸ்கேன் மேசையில் போய்ப் படுத்தார்.

ஜெயராணி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.