நீ கை நீட்டிய நாள்

துவாரகாவில் எங்கள் அபார்ட்மென்ட் சொஸைட்டிக்காரர்கள் இன்று உன் பெயரில் செஸ் போட்டி நடத்தினார்கள், அண்ணா. கிளப் ஹவுஸ் வாசலில் உன் படம் போட்ட பேனர். புது ஃப்ளெக்ஸ் வாடையில் எனக்குத் தலை வலித்தது. கிராண்ட்மாஸ்டர், டாக்டர் என்று உன் பெருமைகளை அடுக்கிவிட்டு, செயலாளர் மைக்கில், "டாக்டர் சாப் ஆக்கிரி தம் தக் லடே" என்றார். கடைசி மூச்சுவரை போராடினாயாம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது உன் ஆட்டங்களைப் பார்க்க அப்பாவோடு வருவேன். ஒருமுறை ராஜா பத்திரமாக நிற்கும்போதே நீ கடிகாரத்தை நிறுத்தி, எதிராளிக்குக் கை கொடுத்து ஆட்டத்தை விட்டுவிட்டாய். ஏன் என்று வழியெல்லாம் நச்சரித்தேன். "தோத்தாச்சுன்னு தெரிஞ்சப்புறம் இழுத்துண்டே ஆடறது மரியாதை இல்லடீ" என்றாய். உங்கள் ஆட்டத்தில் அது பெருந்தன்மை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் நீ வேறு ஆள். போட்டிக்குப் போகும் ரயிலில் பாடம் படித்து டாக்டர் ஆனவன். உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு மத்தியானம் ஐசியூ வாசலில் பார்த்தேன். தகப்பனாரை வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று அழுதவரிடம், "அபி நஹீ, பையா" என்று தோளைப் பிடித்துக்கொண்டாய். இப்போது வேண்டாம், இன்னும் வழி இருக்கிறது என்று மன்றாடினாய். அந்தப் பெரியவர் பிழைத்து நடந்தே வீட்டுக்குப் போனார்.

உன் ஸ்கேன் வந்த அன்று கூட வந்தவள் நான்தான். சிகிச்சை இருக்கிறது, வாய்ப்பு குறைவென்றாலும் இருக்கிறது என்று உன்னோடு படித்த டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தார். நீ பலகையைப் பார்ப்பதுபோல அந்தப் படத்தையே பார்த்தாய். பிறகு மேஜைக்கு மேல் கையை நீட்டினாய். நீ நன்றி சொல்வதாக நினைத்து, பாவம், அவர் குலுக்கினார். அது ஆட்டத்தை விடும் கை என்று எனக்குத் தெரிந்தது. சிகிச்சை வேண்டாம் என்று நீ வாய்விட்டுச் சொன்னது மெட்ரோ ஜனக்புரியைத் தாண்டிய பிறகுதான். "மீதியை ஆடினாலும் இதேதான் வரும்" என்றாய். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

ஒருவேளை அதேதான் வந்திருக்கும். உன் கணக்கு தப்பாது என்று ஊரே சொல்லும். யாரோ ஒருவருடைய அப்பாவுக்காக மன்றாடிய வாய், உனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே.

கோப்பை கொடுத்து முடித்ததும் எல்லோரும் வந்து கை நீட்டினார்கள். நான் கும்பிட்டு அனுப்பினேன். இப்போதெல்லாம் யாருக்கும் கை கொடுப்பதில்லை.

பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன், அண்ணா? கை நீட்டுவதற்கு முன் ஒருதரம் என் பக்கம் திரும்பியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.