கஞ்சிக்கு ஒரு ஜெபம்

ஹெப்சி,

நல்ல தூக்கத்தில் இருந்தாய், எழுப்பவில்லை. ஆபீசுக்குப் போகிறேன்.

கஞ்சி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. இன்றைக்குப் பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வேகவைத்தேன். ஒரேயடியாகக் குடிக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் எவர்சில்வர் கூஜாவில் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் வாய்கூடக் கொப்பளிக்காதே.

மதியம் ஒத்தக்கடையிலிருந்து என் அக்கா வருவாள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. நீ எழுந்து கதவு திறக்க வேண்டாம். அயிரைமீன் குழம்பு இல்லாமல் அவள் நம் வாசலை மிதித்ததில்லை. மோந்து பார்த்துக்கொள், அவ்வளவுதான். டைபாய்டில் புண்ணான குடல் இன்னும் ஆறவில்லை என்று டாக்டர் சொன்னது உனக்கும் கேட்டதுதானே?

நேற்று கஞ்சியைப் பார்த்து, "இந்தத் தண்ணிக்கெல்லாம் எதுக்குங்க ஜெபம்? சோறு போடுங்க, பண்றேன்" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?" என்று கேட்டாய். காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் உனக்கு வாய் வழியாக ஒன்றும் இறங்காதபோது, நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டும்போதெல்லாம் நான் கண்ணை மூடி, "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு உன் வாயில் இறங்கிய முதல் ஆகாரம் இந்தக் கஞ்சிதான்.

இம்மானுவேல்

ஊறுகாய் ஜாடியைத் தேடாதே. என்னோடு ஆபீசுக்கு வருகிறது.

இன்னொன்று. கஞ்சிக்கு ஜெபம் நானே பண்ணிவிட்டேன். நீ ஆமென் மட்டும் சொல்லிவிட்டுக் குடி.